சென்னையை விட்டுக் கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

"சென்னை போதும், திருச்சிக்கோ மதுரைக்கோ போய்விடலாம்" என்ற பேச்சு இப்போது நடுத்தரக் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. பேச்சு தொடங்கியதுமே எல்லோரும் போடுகிற கணக்கு வாடகைக் கணக்குதான். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்குத் திருச்சி கே.கே. நகரில் வாசலும் மாடியும் உள்ள தனி வீடே கிடைக்கும் என்பார்கள். அது உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஊர் மாறுவது போன்ற பெரிய முடிவை அந்த ஒரு கணக்கை வைத்து எடுக்கக் கூடாது. வாடகை இந்த மாதம் எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். அந்த ஊரில் பத்து வருடம் நிலைத்து வாழ முடியுமா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய கேள்வி வேறு: இப்போது இருக்கிற வேலை போய்விட்டால், அதே ஊரில் இதற்கு ஈடான இன்னொரு வேலை கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு சிறிய நகரம் வரம். இதைக் கேட்காமலே கிளம்புகிறவர்கள் ஒரு சிக்கலை விட்டு இன்னொன்றில் போய் மாட்டிக்கொள்ளக்கூடும்.

முதலில், ஊர் மாறினால் எது உண்மையில் குறைகிறது என்று பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் மாதச் செலவை வரிவரியாக எழுதிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், செல்போன் ரீசார்ஜ், மருந்துக் கடை பில், காப்பீட்டு பிரீமியம், வண்டி தவணை, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் சென்னையில் என்னவோ, ஏறக்குறைய அதேதான் திருச்சியிலும். அச்சிட்ட விலைக்கு விற்கும் பொருள் எதுவும் ஊரைப் பார்த்து விலை குறைவதில்லை. குறைவதெல்லாம் மண்ணையும் உள்ளூர் மனித உழைப்பையும் சார்ந்தவை: வீட்டு வாடகை, அட்வான்ஸ், வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம், பிளம்பர் கூலி, காய்கறியில் கொஞ்சம், பள்ளிக் கட்டணத்தில் பள்ளியைப் பொறுத்து ஓரளவு. அட்வான்ஸ் சாதாரணத் தொகை இல்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. இருந்தும் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற பழக்கம் முழுதாக ஒழியவில்லை. இந்த மிச்சத்துக்கு எதிராகப் புதிய செலவுகளும் வரும். உறவுகள் சென்னையில் இருந்தால் விசேஷத்துக்கு விசேஷம் ரயில் டிக்கெட். மெட்ரோவும் மின்சார ரயிலும் இல்லாத ஊரில் வீட்டில் இரண்டாவது இருசக்கர வண்டி. எல்லாம் போகக் கையில் நிற்கும் மிச்சத்தில் பெரும்பகுதி வாடகை வித்தியாசம்தான்.

அப்படியானால் சென்னையில் ஏன் அந்த வாடகை? பொருளாதாரம் இதற்கு நூறு வருடத்துக்கு முன்பே பதில் வைத்திருக்கிறது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் எழுதிய பொருளியல் நூலில், ஒரே தொழில் ஏன் ஒரே இடத்தில் குவிகிறது என்பதை விளக்கினார். முதலாளி, தனக்கு வேண்டிய திறமை உள்ள ஆட்கள் நிறைய இருக்கும் இடத்தைத் தேடுகிறார். தொழிலாளி, தன் திறமையை வாங்கப் பலர் இருக்கும் இடத்தைத் தேடுகிறார். இருவரும் ஒரே இடத்தில் கூடிவிட்டால் அந்த இடத்தை விட்டு யாரும் எளிதில் நகர்வதில்லை. தரமணியில் 2000ஆம் ஆண்டு டைடல் பார்க் வந்த பிறகு ஓ.எம்.ஆர். சாலையில் பெருங்குடி முதல் சிறுசேரி வரை நடந்ததும் இதுதான். அந்தச் சாலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு நிறுவனம் பிடிக்கவில்லை என்றால், வீட்டை மாற்றாமலே பக்கத்துக் கட்டடத்தில் வேறு வேலை தேடலாம். பிள்ளைக்கு அதே பள்ளி, மனைவிக்கு அதே அலுவலகம். ஆக சென்னை வாடகையில் ஒரு பகுதி செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கொடுப்பது. மற்றொரு பகுதி அடுத்த வேலை பக்கத்திலேயே இருக்கிறது என்ற உறுதிக்குக் கொடுப்பது. ஊரை விட்டுக் கிளம்பும்போது இரண்டையும் சேர்த்தே நிறுத்துகிறோம். முதல் பகுதியை நிறுத்துவது லாபம். இரண்டாவது யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேவையில்லாதவர்கள் உண்டு. மத்திய அரசு ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றே. ஊரைப் பொறுத்து மாறுவதில் முக்கியமானது வீட்டு வாடகைப் படி. 2024 ஜனவரியிலிருந்து சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், திருச்சி, மதுரை, கோவை போன்ற ஊர்களில் 20 சதவீதம். சென்னையில் அந்த 30 சதவீதத்துக்குள் நல்ல வீடு கிடைப்பது கடினம். திருச்சியில் 20 சதவீதத்துக்குள் பெரும்பாலும் கிடைத்துவிடும். பொன்மலை ரயில்வே பணிமனைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வருகிறவருக்கு வேலை போகும் பயம் இல்லை, அடிப்படைச் சம்பளம் ஊரைப் பார்த்துக் குறைவதும் இல்லை. ஓய்வூதியம் வாங்குகிறவருக்கும் அப்படியே. சொந்த ஊரில் நிலமோ கடையோ வைத்திருக்கிறவருக்கும், எந்த ஊரிலும் நோயாளி தேடி வரும் மருத்துவருக்கும் இது ஓரளவு பொருந்தும். இவர்கள் வாடகைக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுத்தாலும் தவறாகப் போகாது. இவர்கள் வருமானம் ஊரை நம்பி இல்லை, அதுதான் காரணம்.

தனியார் வேலையில் இருப்பவர் நிலை வேறு. திருச்சியிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1960களில் திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை வந்தது. அதற்கு உதிரிபாகமும் இரும்புக் கட்டமைப்பும் செய்து கொடுக்க துவாக்குடி தொழிற்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அங்கே உருவான வெல்டர்களின் கைத்திறன் சாதாரணமானதல்ல. உயர் அழுத்த பாய்லர் குழாயில் வெல்டிங் வைக்கத் தனியாகத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். வைத்த ஒட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே அனுமதித்த அளவைத் தாண்டிய குறை இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அப்படிப்பட்ட திறமைக்கு அந்த ஊரில் வாங்குபவர் கிட்டத்தட்ட ஒருவர்தான். கடந்த பதினைந்து ஆண்டுகளில் அனல் மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் சரிந்தபோது, அந்த ஒருவரிடமிருந்து வரும் வேலையும் சரிந்தது. பட்டறைகள் பல வேலையில்லாமல் நின்றன, சில மூடப்பட்டன. வாடகை அப்போதும் குறைவாகத்தான் இருந்தது, காவிரித் தண்ணீரும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சான்றிதழ் வைத்திருந்த வெல்டர்கள் வளைகுடாவுக்கும் வட மாநிலக் கட்டுமானத் தளங்களுக்கும் பெட்டியைக் கட்ட வேண்டி வந்தது. விலைவாசி குறைந்த ஊரில் குடும்பம் இருக்க, சம்பாதிப்பவர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தார்.

சென்னையில் ஆலைகள் மூடவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். மூடின. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் நிறுத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அடிபட்டன. நோக்கியாவில் வேலை பார்த்த இளம்பெண்கள் பலர் ஊர் திரும்பினார்கள். பெரிய நகரம் யாரையும் விழாமல் தாங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஃபோர்டில் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர் விண்ணப்பிக்கப் பக்கத்திலேயே ஒரகடத்தில் ரெனோ-நிசானும் டைம்லரும் ராயல் என்ஃபீல்டும் இருந்தன, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் இருந்தது. வேலை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விண்ணப்பம் போட ஒரு வாசல் இருந்தது என்பதே பெரிய வித்தியாசம்.

இதிலிருந்து பெரிய ஊர் நல்லது, சிறிய ஊர் கெட்டது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஒரு ஊர் பெரியதா சிறியதா என்பதை மக்கள்தொகை மட்டும் தீர்மானிப்பதில்லை, உங்கள் தொழிலும் சேர்ந்து தீர்மானிக்கிறது. பின்னலாடையில் பேட்டர்ன் போடவும் மெர்ச்சண்டைசிங் பார்க்கவும் தெரிந்த ஒருவருக்குத் திருப்பூர் சென்னையைவிடப் பெரிய ஊர். அங்கே ஒரு கம்பெனியை விட்டால் அதே தெருவில் இன்னொன்று. ஆஃப்செட் அச்சில் கைதேர்ந்தவருக்கு சிவகாசி பெரிய ஊர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலில் இருப்பவருக்குத் திருச்செங்கோடு பெரிய ஊர். இயந்திரப் பொறியாளருக்கு ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பல வாசல்கள் உண்டு. பம்பு, மோட்டார், வார்ப்படம், மென்பொருள் என்று பல தொழில்கள் ஒன்றாக இருக்கும் கோவை, கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனித் தொழில் இருக்கும் குடும்பத்துக்கு ஏற்ற ஊர். தமிழ்நாட்டுக்கு இது பெரிய கொடுப்பினை. ஒரே தலைநகரில் எல்லாம் குவிந்துவிடாமல் ஆளுக்கொரு தொழிலைப் பிடித்துக்கொண்ட நடுத்தர நகரங்கள் நமக்கு வரிசையாக இருக்கின்றன. ஆகவே "எந்த ஊரில் வாடகை குறைவு" என்று தேடுவதைவிட, "என் தொழிலில் ஐந்தாறு முதலாளிகள் இருக்கும் ஊர்களில் எங்கே வாடகை குறைவு" என்று தேடுவது புத்திசாலித்தனம்.

வீட்டிலிருந்தே வேலை வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. மடிக்கணினியும் ஃபைபர் இணைப்பும் இருந்தால் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு சென்னை சம்பளம் வாங்கலாமே? வாங்கலாம், வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் நடத்துவதும், அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடியேறியதும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அங்கே நிறுவனமே ஊருக்கு வந்திருக்கிறது. நிறுவனம் சென்னையிலேயே இருந்துகொண்டு உங்களை மட்டும் ஊரில் இருக்க அனுமதிப்பது வேறு. முதலாவது நிறுவனத்தின் கொள்கை, இரண்டாவது உங்கள் மேலாளர் காட்டும் சலுகை. சலுகை ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும். டி.சி.எஸ். 2023 அக்டோபரிலிருந்து ஊழியர்களை வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், "அனுமதி போனால் என்ன செய்வேன்" என்பதோடு "இதே நிபந்தனையில் என்னை எடுத்துக்கொள்ளும் இரண்டாவது நிறுவனம் எது" என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். பதில் கையில் இருந்தால் அவரும் மத்திய அரசு ஊழியரைப் போலத்தான், தாராளமாகப் போகலாம்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட வலுவானது. "செலவு குறைந்த ஊரில் இருந்தால் வேலை போனாலும் அதிக நாள் தாக்குப்பிடிக்கலாமே, அது ஒரு பாதுகாப்புதானே?" ஆமாம். கணக்காகவே பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்குச் சென்னையில் மாதம் 60,000 ரூபாய் செலவு, திருச்சியில் 48,000 என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 6 லட்சம். வேலை போனால் சென்னையில் அது 10 மாதம் வரும், திருச்சியில் பன்னிரண்டரை மாதம். மிச்சமாகும் 12,000 ரூபாயைத் தொடாமல் இரண்டு வருடம் சேர்த்தால் இன்னும் 2,88,000. அப்போது தாக்குப்பிடிக்கும் காலம் பதினெட்டு மாதத்தைத் தாண்டிவிடும். வேலை தேட ஒன்றரை வருட அவகாசம் என்பது பெரிய பலம். மாற்றலின் உண்மையான லாபம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்த 12,000 கையில் தங்க வேண்டும். பல குடும்பங்களில் அது தங்குவதில்லை. வாடகை குறைந்த முதல் வருடத்திலேயே கார் தவணை வந்துவிடும், அல்லது ஊருக்கு வெளியே மனைக்கட்டு ஒன்று தவணையில் வந்துவிடும். செலவு மறுபடி 60,000 ஆகிவிட்டால் கையிருப்பு மறுபடி 10 மாதத்துக்குத்தான், அதுவும் வேலை வாசல்கள் குறைந்த ஊரில். ஆகவே எதிர்வாதம் சரிதான், ஒரு நிபந்தனையோடு: குறைந்த வாடகையால் மிச்சமாகும் பணம் முதல் இரண்டு வருடம் வங்கியில் இருக்க வேண்டும்.

இந்தப் பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போகிறவர் வீட்டிலுள்ள இரண்டாவது சம்பாத்தியக்காரர். நம் குடும்பங்களில் அது அநேகமாக மனைவி. கணவனுக்குத் திருச்சியில் வேலை உறுதியானதும் முடிவு எடுத்தாகிவிட்டது, "அவள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வாள்" என்று ஒரு வாக்கியத்தில் அவளுடைய வேலை முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வருட அனுபவம் உள்ள ஒரு பெண் பழைய சம்பளத்தில் பாதிக்கும் குறைவான வேலைக்குச் சேர்ந்தாலோ வீட்டிலேயே இருந்துவிட்டாலோ, அந்த இழப்பு வாடகை மிச்சத்தை எளிதாக விழுங்கிவிடும். பணம் ஒருபுறம். இரண்டு வருடம் விட்ட வேலையைத் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். இருவருடைய அடுத்த வேலையையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஊர் மாறுவது லாபமா நஷ்டமா என்று சொல்ல வேண்டும். அவளுடைய தொழிலுக்கு ஊர் சிறியது என்றால், குடும்பத்துக்கே அது சிறியது.

"எல்லாவற்றையும் பணமாகவே பார்க்கிறாயே, நிம்மதிக்கு விலை உண்டா?" என்று சிலர் கோபப்படலாம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைவாசிகள், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள், இந்த ஊர் போதும் என்று சொன்னால் அது சோம்பேறித்தனம் ஆகாது. நாளுக்கு மூன்று மணி நேரம் சாலையில் போகிறது. வயதான பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறார்கள். இவை வாடகையைவிடப் பெரிய காரணங்கள். ஊர் மாற இவையே போதும். ஆனால் ஏன் போகிறோம் என்பது ஒரு கேள்வி, போய் நிலைக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக வந்தவர் மூன்றாவது வருடம் வேலைக்காக மறுபடி சென்னையில் தனி அறை எடுத்துத் தங்கினால், எந்த நிம்மதிக்காக வந்தாரோ அதுவே போய்விடுகிறது. நிம்மதி முக்கியம் என்பதால்தான் அடுத்த வேலையைப் பற்றி முன்கூட்டியே யோசிக்கச் சொல்கிறேன்.

சரிப்படவில்லை என்றால் திரும்பிவிடலாம், திருச்சியில் வந்தே பாரத் ரயிலில் ஏறினால் நான்கு மணி நேரத்தை ஒட்டிச் சென்னை வந்துவிடுகிறதே என்றும் சொல்வார்கள். ஆள் திரும்புவது எளிது. குடித்தனம் திரும்புவது அப்படியில்லை. முக்கியமாக, போன வேகத்தில் வீடு வாங்கிவிட்டவர்களுக்கு. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து சொத்து மதிப்பில் சுமார் 9 சதவீதம். 60 லட்சத்துக்கு வீடு வாங்கினால் 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் பத்திரப் பதிவு அன்றே போய்விடுகிறது. விற்கும்போது அது திரும்பி வராது. சிறிய ஊரில் வாங்குபவர்களும் குறைவு என்பதால் விற்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியும் வரலாம். பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ பிள்ளை இருந்தால் இரண்டு வருடம் நகரவே முடியாது. ஆகவே திரும்பும் வழி உண்மையிலேயே திறந்திருக்க வேண்டுமானால், குறைந்தது இரண்டு வருடம் வாடகைக்கோ ஒத்திக்கோ இருந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தனிக் குடும்பங்களுக்குச் சொன்னது. அரசுக்கும் நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விழுப்புரம் அருகே வானூரிலும், பிறகு தஞ்சாவூரிலும் சேலத்திலும் 2024இல் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. திருச்சிக்கும் மதுரைக்கும் பெரிய டைடல் பூங்காக்கள் வருகின்றன. இவை நல்ல தொடக்கம். ஆனால் இவற்றை எத்தனை சதுர அடி, எத்தனை நாற்காலி என்று மட்டும் அளக்கக் கூடாது. ஒரே நிறுவனம் முழுக் கட்டடத்தையும் எடுத்துக்கொண்டால், அந்த ஊர் துவாக்குடி பட்ட பாட்டை இன்னொரு தொழிலில் படும். அதே கட்டடத்தில் பத்து நடுத்தர நிறுவனங்கள் இருந்தால், ஒருவர் வேலையை விட்டு மாடி மாறி இன்னொரு வேலைக்குப் போகலாம். அப்போதுதான் அனுபவசாலிகள் குடும்பத்தோடு துணிந்து வருவார்கள். ஆட்கள் வந்தால் இன்னும் நிறுவனங்கள் வரும். மார்ஷல் சொன்ன சுழற்சி ஓ.எம்.ஆரில் தொடங்கியதும் அப்படித்தான். அது திருச்சியிலும் மதுரையிலும் தொடங்காமல் இருக்க இயற்கை விதி எதுவும் இல்லை.

ஊர் மாற நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீடு பார்க்கப் போவதற்கு முந்தின வாரம் வேலை பார்க்கப் போங்கள். வேலை கையில் இருந்தாலும் போங்கள். அந்த ஊரில் உங்கள் தொழிலில் இருக்கும் நிறுவனங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் துணையின் தொழிலுக்கு இன்னொரு தாள். ஒவ்வொன்றிலும் மூன்று பெயராவது, விசாரித்துப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்த பெயராக, இருந்தால் தயங்காமல் கிளம்புங்கள். ஊரை நம்பாத வருமானம் உங்களுக்கு இருந்தால் தாளே வேண்டாம், நாளைக்கே கிளம்பலாம். தாள் வெறுமையாக இருந்தால் வேறு ஊரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் திருச்சி ஒன்றுதான் நல்ல ஊர் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் தொழிலுக்குப் பெரியதாகவும் உங்கள் சம்பளத்துக்கு எட்டக்கூடியதாகவும் இருக்கும் ஊர் ஒன்று இங்கே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதைத் தேடிப் போகிறவர்களுக்குச் சென்னைக்குத் திரும்ப வேண்டிய தேவையே வராது.